முன்பல்லில் தெரியும் நிழல்

கேள்வி: எனக்கு வயது 34. கொளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களுக்கு இடையே ஒரு வருடத்துக்கு மேலாகச் சாம்பல் நிறத்தில் நிழல் மாதிரி தெரிகிறது. இப்போது ஓரம் பழுப்பாகிவிட்டது. ஐஸ் வாட்டர் குடித்தால் சுருக்கென்று இழுக்கும், உடனே போய்விடும். மற்றபடி வலி இல்லை. போன மாதம் வகுப்பில் ஒரு பையன், “மிஸ், பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு” என்றான். அன்றிலிருந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறேன். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, எக்ஸ்ரேகூட எடுக்காமல், பக்கத்துப் பற்களையும் சேர்த்து நான்கு பற்களுக்கும் ரூட் கெனால் செய்து கேப் போட்டுவிடலாம், பேக்கேஜ் இருக்கிறது என்றார்கள். மேல்பல்லில் கை வைத்தால் கண் நரம்பு போய்விடும் என்கிறார் மாமியார். நான் இனிப்பே சாப்பிடுவதில்லை. தொண்டை கட்டாமல் இருக்கப் பனங்கற்கண்டு மட்டும் வாயில் போட்டுக்கொள்வேன். பிறகு எப்படிச் சொத்தை வந்தது? அடைத்தால் போதுமா? அடைத்தது வெளியே தெரியுமா? இன்னொன்று: என் மகனுக்கு இரண்டரை வயது. அவனுக்கும் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது. அது என்ன?
ஓர் ஆசிரியை, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பற்களுக்கும் கேப் என்று சொன்ன இடத்தில் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், தயவுசெய்து கட்டாதீர்கள். பல்லை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு நம்பிக்கை தருகிறது: ஐஸ் வாட்டர் பட்டால் இழுக்கிறது, உடனே போய்விடுகிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பு உயிரோடு இருந்தால்தான் அப்படி இழுக்கும். அது பெரிதாகக் கெடவில்லை என்றால்தான் உடனே அடங்கும். அப்படிப்பட்ட நரம்பை, எக்ஸ்ரேகூட எடுக்காமல், பக்கத்துப் பற்களோடு சேர்த்து ரூட் கெனால் செய்து எடுத்துவிடலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குத் தேவைப்படப்போவது பெரும்பாலும் இரண்டு சின்ன அடைப்புகள், அவ்வளவுதான்.

சரி, அந்த நிழல் என்னவென்று பார்ப்போம்.

பல்லின் வெளி உறையான எனாமல் சுவருக்கு அடித்த வெள்ளை மாதிரி இருக்காது. மங்கலான கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்குள் இருக்கும் டென்டின் என்ற இளமஞ்சள் பகுதிதான் பல்லுக்கு நிறம் கொடுக்கிறது. முன்பல் சொத்தை பெரும்பாலும் நம் கண்ணுக்கு நேரே, பல்லின் முகப்பில் தொடங்குவதில்லை. இரண்டு பற்கள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும் இடுக்கில், பிரஷ் நுழையவே முடியாத இடத்தில் தொடங்குகிறது. எனாமலில் கொஞ்சம் வழி கிடைத்ததும் உள்ளே போய், அதைவிட மென்மையான டென்டினில் பக்கவாட்டில் பரவுகிறது. கறையான் அரித்த கதவு நிலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும், விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். அதே கதைதான் இங்கேயும். ஒரு வருடமாக உங்களுக்கு முன்னால் தெரிந்த சாம்பல் நிறம், இடுக்கிலும் பின்பக்கத்திலும் நடந்துகொண்டிருந்ததன் நிழல். இப்போது ஓரம் பழுப்பாகியிருக்கிறது என்றால் மேல் உறையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், தள்ளிப்போடலாம் என்று சொல்லவில்லை. காலாண்டு விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

முன்பற்களில் சொத்தை வருகிற இடங்கள் கொஞ்சம்தான். முதலாவது, சொன்ன இடுக்கு. அடுத்தது, நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பல்லின் பின்பக்கம். சிலருக்கு அங்கே பிறவியிலேயே குண்டூசித் தலை அளவில் ஒரு குழி இருக்கும், அதில் அழுக்கு தங்கிவிடும். மூன்றாவது, ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதி. கீழ் முன்பற்களில் சொத்தை வருவது அரிது. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன, நாள் முழுக்க அந்தப் பற்களைக் கழுவிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே காரை படியுமே தவிர எளிதில் சொத்தையாகாது. மேல் முன்பற்களுக்குத்தான் உமிழ்நீர் கிடைப்பது மிகக் குறைவு. கீழ் முன்பற்களே சொத்தையாகி ஒருவர் வந்தால், வாய் ஏன் இப்படி வறள்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை நோய் இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பேன்.

வீட்டிலேயே நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் பெரிய கண்ணாடி முன் நில்லுங்கள். சுத்தமான கைக்குட்டையால் முன்பல்லைத் துடைத்து உலர விடுங்கள். எச்சில் ஈரம் இருக்கும்வரை ஆரம்பக்கட்டச் சொத்தை தெரியாது. உலர்ந்ததும் பளபளப்பே இல்லாமல் சாக்பீஸ் வெள்ளையில் ஒரு திட்டாகத் தெரியும். பிறகு, பவுடர் டப்பாவில் வருமே சின்னக் கண்ணாடி, அதை மேல்பற்களுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பெரிய கண்ணாடியில் பின்பக்கம் தெரியும். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு பிரிந்து பிரிந்து வந்தாலும், வெளியே எடுத்த நூலில் நாற்றம் அடித்தாலும் அந்த இடுக்கைச் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு விஷயம் வேண்டாம். ஊக்கு, ஹேர்பின், ஊசி எதையும் வைத்துக் குத்திப் பார்க்காதீர்கள். ஆரம்பக்கட்டச் சொத்தையில் உள்ளே தாது கரைந்திருந்தாலும் மேல்பரப்பு உடையாமல் நிற்கும். அது நின்றால் பல் தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். குத்தி உடைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. நாங்கள் படித்த காலத்தில் கூர்மையான கருவியை அழுத்தி ஒட்டுகிறதா என்றுதான் சொத்தையைப் பார்ப்போம். இப்போது நாங்களே அப்படி அழுத்துவதில்லை.

கறை எல்லாமே சொத்தை அல்ல. டீ, காபி, வெற்றிலைக் கறை பல்லின் மேலே ஒட்டியிருக்கும், கிளீனிங்கில் போய்விடும். ஈறு வீக்கத்துக்குக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தை வாரக்கணக்கில் விடாமல் பயன்படுத்தினால் பல் பழுப்பாகும், அதுவும் கறைதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்கள் பலர் சொத்தை என்று பயந்து வருவார்கள். பார்த்தால் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்ததால் சிறு வயதிலேயே விழுந்த திட்டுகளாக இருக்கும். அது இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல பற்களில், பல் முளைத்த நாளிலிருந்தே இருக்கும். சொத்தை ஒரு இடத்தில் தொடங்கி வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டு போகும். ஒரே ஒரு பல் மட்டும் முழுவதுமாகச் சாம்பலாகிவிட்டது, ஓட்டையே இல்லை என்றால், எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து வாயில் அடிபட்டதா என்று யோசிக்க வேண்டும். நரம்பு செத்துப்போன பல் அப்படித்தான் கறுக்கும். உங்களுக்கு இரண்டு பற்கள் சேருமிடத்தில் நிழல், ஓரத்தில் பழுப்பு, குளிர்ச்சிக்குக் கூச்சம். மூன்றும் சேர்ந்தால் சொத்தை என்றே நினைக்கிறேன்.

இப்போது பனங்கற்கண்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வரி அது. என் கண் அங்கேதான் நின்றது.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு இவற்றை நம் வீடுகளில் யாரும் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தொண்டைக்கு அது இதமாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் கிருமிகளுக்கு வெள்ளைச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் ஒரே தீனிதான், இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். அதைத் தின்று கிருமி அமிலத்தைக் கக்குகிறது. பல்லின் மேல் அமிலத்தன்மை கூடி பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்ததை ஓரளவு திருப்பிப் படிய வைக்க அரை மணியோ அதற்கு மேலோ ஆகும்.

கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறவருக்கு அந்த அரை மணிநேரம் ஒரு தடவை வருகிறது. ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு துண்டு பனங்கற்கண்டை அடக்கிக்கொள்கிறவருக்கு முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை அது முடிவதே இல்லை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. அதோடு, பாடம் எடுக்கும்போது பேச்சுக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று அந்தத் துண்டை எங்கே ஒதுக்குகிறீர்கள்? மேலுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவிலா? யோசித்துப் பாருங்கள். பேசிப்பேசி வறண்டுபோன வாய், உமிழ்நீர் குறைவான மேல் முன்பல், பக்கத்திலேயே கரையும் கற்கண்டு. இதற்கு மேல் சொத்தைக்கு வேறு என்ன வேண்டும்? ஆசிரியர்கள், பாடுகிறவர்கள், ஜவுளிக்கடையில் நின்று பேசுகிறவர்கள் என்று தொண்டையை நம்பிப் பிழைக்கிற பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். தொண்டை மிட்டாயும் இருமல் சிரப்பும் செய்வது இதையேதான்.

தொண்டைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடியுங்கள். ஏலக்காயோ அதிமதுரத் துண்டோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். பனங்கற்கண்டு விட முடியாது என்றால் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வாயைக் கொப்பளித்துவிடுங்கள். அப்போது அமிலத் தாக்குதல் சாப்பாட்டோடு ஒரே தடவையாக முடிந்துவிடும்.

அடுத்து, மருத்துவரிடம் போனால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், நீங்களே கவனித்துக்கொள்ளலாம். பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். முன்பல் மெல்லியது, நல்ல இடத்தில் வெளிச்சம் ஊடுருவும், சொத்தை இருக்கும் இடம் கறுப்பாக நிற்கும். பிறகு அந்தப் பற்களுக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே. நரம்புக்கும் சொத்தைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, வேர் நுனியில் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று அதில்தான் தெரியும். கடைசியில் குளிர்ந்த பஞ்சை வைத்து நரம்பைச் சோதிப்பது, கருவியின் பிடியால் பல்லை மெல்லத் தட்டிப் பார்ப்பது. எல்லாம் சேர்ந்து கால் மணிநேர வேலை. இவ்வளவும் பார்க்காமல் ரூட் கெனால் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓட்டை விழாத வெள்ளைத் திட்டு என்றால் மெஷினே வேண்டாம். ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, பழக்கத்தை மாற்றிக்கொண்டால் பலருக்கு அது அங்கேயே நின்றுவிடும். உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன், அதனால் அடைக்க வேண்டியிருக்கும். பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற பொருளால் அடைப்பார்கள்.

அது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், தெரிந்தால் பயம் குறையும். நாற்காலியில் சாய்ந்ததும் முதல் வேலை, பல்லுக்குப் பொருத்தமான நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. இதை எச்சில் ஈரம் இருக்கும்போதே, முடிந்தால் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். கண்ணாடியைக் கையில் கொடுக்கச் சொல்லி நீங்களும் பாருங்கள். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போகாதீர்கள், நிறக் கணக்கு தப்பும். ஊசி தேவையா என்பது ஆழத்தைப் பொறுத்தது. போட்டால், மேல் முன்பக்கத்து ஈறில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். முன்னாலேயே மரத்துப்போகும் ஜெல் தடவி இரண்டு நிமிடம் விட்டு, மருந்தை மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். பிறகு பல்லின் பின்பக்கமாக வழி செய்துகொண்டு மெத்தென்று ஆன பகுதியை மட்டும் எடுப்பார்கள். முகப்பு எனாமலைத் தொடாமல் விட்டால்தான் அடைத்த இடம் முன்னால் தெரியாது. நல்ல கை தெரிவது இங்கேதான்.

அப்புறம் நீல நிற ஜெல் ஒன்றைத் தடவுவார்கள். அது பாஸ்பாரிக் அமிலம். பதினைந்து, முப்பது விநாடியில் எனாமலின் மேல்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கும். கழுவி உலர்த்தினால் அந்த இடம் உறைபனி படிந்த கண்ணாடி மாதிரி வெள்ளையாகும். சொரசொரப்பான சுவரில் சிமென்ட் பூச்சு பிடிப்பது போல, பிசின் அந்த நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒட்ட வைக்கலாம் என்று 1955ல் பூனகோர் என்பவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான், பிடிப்புக்காக நல்ல பல்லையும் வெட்டிப் பள்ளம் எடுக்கிற வழக்கம் மெல்லக் குறைந்தது. அந்த நேரத்தில் எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு கெடும். அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவார்கள், அல்லது பஞ்சு வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். இரண்டு பற்களும் ஒன்றாக ஒட்டிவிடாமல் நடுவே மெல்லிய தாள் போன்ற பட்டையைச் செருகி, காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல விளக்கு காட்டி இறுக வைப்பார்கள். கடைசியில் பாலிஷ். இதை அவசரப்படுத்தாதீர்கள். நாக்கால் தடவினால் விளிம்பு தட்டுப்படக்கூடாது, ஃப்ளாஸ் நூல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

அன்று மாலை கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். உலர்ந்த பல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், அடைத்த இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தோன்றும். ஓரிரு நாளில் பல் ஈரத்தை உறிஞ்சிப் பழைய நிறத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்குள் நிறம் சரியில்லை என்று திரும்பப் போய் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. முதல் இரண்டு நாள் காபி, டீ, மஞ்சள் தூக்கலான குழம்பு இவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நகத்தைக் கடிப்பது, பல்லால் நூலை அறுப்பது, கரும்பைக் கடிப்பது எல்லாம் இனிமேல் வேண்டாம். பல்லை வெளுக்க வைக்கிற ஆசை இருந்தால் அதை முதலில் செய்துகொண்டு, இரண்டு வாரம் கழித்து அடைக்க வேண்டும். அடைத்த பொருள் வெளுக்காது. ஆனால் உங்களுக்கு இப்போது சொத்தை இருக்கிறது, அதனால் வெளுப்பு யோசனையே வேண்டாம்.

அடைத்தது எவ்வளவு நாள் வரும்? நன்றாகப் போட்டு, நீங்களும் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். விளிம்பில் கறை ஏறினால் பாலிஷ் போடலாம், ஒரு மூலை உடைந்தால் அந்த மூலையை மட்டும் ஒட்டலாம். கேப்பில் அது முடியாது. கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ஒரு முன்பல்லின் வெளியே தெரியும் பாகத்தில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும், போனது திரும்பாது. சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். 22 வயதில், கோணலாக இருக்கிறது என்பதற்காக மேல்வரிசையில் நான்கு பற்களுக்குக் கேப் போட்டிருக்கிறார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு கேப் ஆடுகிறது என்று வந்தார். கழற்றியபோது உள்ளே இருந்த பல் தீக்குச்சி போல மெலிந்து, ஈறு மட்டத்தில் சொத்தையாகி, கேப்போடு சேர்ந்தே கையில் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “டாக்டர், இது என் பல்லா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை.

கேப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்லில் பெரும்பகுதி சொத்தையில் போய்விட்டது, அடைத்தால் நிற்காது என்றால் அதுதான் வழி. அதேபோல, சூடோ குளிர்ச்சியோ பட்டு ஆரம்பித்த வலி நிமிடக்கணக்கில் நின்றாலும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், ஈறில் கொப்புளம் மாதிரி வந்து சீழ் வடிந்தாலும் ரூட் கெனால் தேவைப்படும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான், ஒன்றிரண்டு தடவையில் முடிந்துவிடும். முடிந்த பிறகு கடைவாய்ப் பல்லுக்குப் போல முன்பல்லுக்குக் கட்டாயம் கேப் வேண்டும் என்பதும் இல்லை. மீதிப் பல் நன்றாக இருந்தால் பின்பக்க ஓட்டையை அடைத்தாலே போதும். இதை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தலைமுறையாகக் கேட்டு வந்த பயம் அது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியே கிளம்புகின்றன. பல்லை அடைப்பதாலோ எடுப்பதாலோ பார்வை போகாது. அந்தப் பயத்தில் ஓர் உண்மை மட்டும் தலைகீழாக ஒளிந்திருக்கிறது. மேல் முன்பல், கோரைப்பல் சொத்தையை வைத்தியம் பார்க்காமல் விட்டுச் சீழ் பிடித்தால் மேலுதடு வீங்கி, மூக்கோரம் ஏறி, கண்ணின் கீழ் இமை வரை வீக்கம் போகும். அப்படிக் காய்ச்சலோடு வீக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் முகம் வீங்கின பிறகுதான் பல்லைப் பிடுங்கப் போவார்கள். கண்ணுக்குச் சிரமம் வந்தால் பழி பிடுங்கினவர் மேல் விழுந்திருக்கும். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கண்ணைக் காப்பாற்றத்தான் பல்லைச் சீக்கிரம் பார்க்கிறோம் என்று.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பேக்கேஜ் என்ற சொல்லை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அடைப்புக்கும் நான்கு ரூட் கெனால், நான்கு கேப்புக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தனியாரில் முடியாது என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் கடற்கரை வண்டி பிடித்தால் அடுத்த நிறுத்தம் கோட்டை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். அடைப்பும் ரூட் கெனாலும் செய்கிற பிரிவுக்கு அனுப்புவார்கள். நகரைச் சுற்றியிருக்கும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று பார்க்க மாணவர்கள் செய்வார்கள், கட்டணம் வெளியே கொடுப்பதைவிடக் குறைவு. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அவசரம் இருக்காது. முன்பல் வேலைக்கு அது நல்லதுதான்.

அடைத்த பிறகு பழக்கத்தில் சில மாற்றங்கள் போதும். இரவில் பல் துலக்காமல் படுக்காதீர்கள், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பேஸ்ட் அட்டையில் ஃப்ளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள், மூலிகை என்று விற்கும் பேஸ்ட்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. துலக்கி முடித்து நுரையைத் துப்பிவிட்டு, வாளி வாளியாக வாய் கொப்பளிக்காமல் விட்டுவிடுங்கள், மிச்சமிருக்கும் ஃப்ளோரைடு பல்லில் வேலை செய்யட்டும். இரவு ஒரு தடவை இடுக்குகளில் ஃப்ளாஸ் நூல் விடுங்கள். வலித்தால் கிராம்பு எண்ணெயை ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். ஈறு வெந்துவிடும், காம்போசிட் சரியாக இறுகுவதையும் அது கெடுக்கும்.

இனி உங்கள் மகன். உங்கள் பல்லைவிட அவன் பல்லுக்குத்தான் நான் அதிகம் அவசரப்படுகிறேன். ஈறை ஒட்டி, மேல் முன்பற்களில், வெள்ளைக் கோடு. ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிறானா? பாலில் சர்க்கரையோ சத்துமாவோ கலக்கிறீர்களா? தூங்கும்போது பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், அவை தப்பித்துவிடும். அந்த வெள்ளைக் கோடுதான் முதல் அடையாளம். அடுத்து அது மஞ்சளாகி, பழுப்பாகி, ஒருநாள் பல் ஈறோடு ஒடியும். குழந்தைகளில் இது மாதக்கணக்கிலேயே நடந்துவிடும். பால்பல்தானே, ஆறேழு வயதில் விழப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அதையும் பாதிக்கும்.

வெள்ளைக் கோடாக மட்டும் இருக்கும்போது இதை நிறுத்த முடியும். ராத்திரி பாட்டிலைத் தண்ணீர் பாட்டிலாக மாற்றுங்கள். ஒரே நாளில் முடியாது, தினம் கொஞ்சமாகப் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். தூங்கப்போகும் முன் அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டால் நீங்களே துலக்கிவிடுங்கள், மேலுதட்டைத் தூக்கி, ஈறோரம் வரை. மருத்துவர் வார்னிஷ் பூசிவிடுவார், சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். ஓட்டை விழுந்துவிட்டால் வெள்ளி கலந்த ஒரு திரவம் தடவிச் சொத்தையை நிறுத்தலாம், ஆனால் தடவின இடம் கறுப்பாகிவிடும். அதுவரை போக விடாதீர்கள். அவன் சாப்பிடும் ஸ்பூனை நீங்கள் வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டுகிறீர்கள் என்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். சொத்தைக் கிருமி அம்மா வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு அப்படியும் போகலாம். உங்கள் பல்லை நீங்கள் சரிசெய்துகொள்வது அவனுக்கும் பாதுகாப்பு.

இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அவனை நாற்காலியில் தனியாகப் படுக்க வைக்க வேண்டாம். மருத்துவரும் நீங்களும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, அவன் கால்கள் உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் வர, தலை மருத்துவர் மடியில் இருக்க, உங்கள் முகத்தைப் பார்த்தபடி படுக்க வையுங்கள். ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அவனை முதலில் காட்டுங்கள். உங்கள் வாயில் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டால், பிறகு அவன் வாயைத் திறக்க மாட்டான்.